சர்வீஸ் முடிந்தால் தானாக வருமா? கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வு பற்றிப் புதியவர்களுக்கு

"சர்வீஸ் முடிஞ்சா தானா வந்துரும் அண்ணாச்சி." பாளையங்கோட்டைப் பக்கம் எந்தக் கல்லூரி ஸ்டாஃப் ரூமுக்குள் போனாலும் பதவி உயர்வு பற்றி இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பலரும் அதை நம்பி முதல் மூன்று நான்கு வருடத்தைக் கழித்துவிடுகிறார்கள். தானாக எதுவும் வராது. தகுதி வந்துவிட்டது என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் ஆதாரம் காட்ட வேண்டும், அந்தத் தாளை அந்தந்த வருடமே வாங்கி வைத்திருக்க வேண்டும். மீதி விதிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முன்பு லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர், பேராசிரியர் என்று படிகள் இருந்தன. ஆறாவது ஊதியக் குழுவோடு அவை உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று மாறிவிட்டன. சீனியர் லெக்சரர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது உதவிப் பேராசிரியர் (சீனியர் ஸ்கேல்). ஏழாவது ஊதியக் குழுவில் ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்: வேலைக்குச் சேரும்போது லெவல் 10, சீனியர் ஸ்கேல் 11, செலக்‌ஷன் கிரேடு 12. இந்த மூன்றிலும் பெயர்ப்பலகையில் இருப்பது 'உதவிப் பேராசிரியர்' மட்டுமே. 13ஏ வந்தால் இணைப் பேராசிரியர், 14 பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் அதற்கும் மேலே 15, மூத்த பேராசிரியர்.

இந்த ஏற்றத்துக்குப் பெயர் சி.ஏ.எஸ்., கேரியர் அட்வான்ஸ்மெண்ட் ஸ்கீம். இப்போது நடப்பில் இருப்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகள். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று 2021 ஜனவரியில் ஆணை போட்டது, ஸ்டாஃப் ரூமில் 'ஜி.ஓ. 5' என்று பேசிக்கொள்வது அதைத்தான்.

அரசு அலுவலகப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு சி.ஏ.எஸ்ஸில் ஒரு விஷயம் உடனே பிடிபடாது. தாலுகா ஆபீசில் மேலே ஓர் இடம் காலியானால்தான் கீழே இருப்பவர் ஏற முடியும். சி.ஏ.எஸ்ஸில் காலியிடம் என்ற பேச்சே கிடையாது. நீங்கள் வகிக்கும் அதே பணியிடம் உங்களோடு சேர்ந்து மேலே போகிறது, நீங்கள் ஓய்வு பெற்றதும் திரும்ப லெவல் 10-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் துறையில் உங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கிறார்களே, அவர்கள் ஏறிய பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதில் ஓர் அர்த்தமும் இல்லை. அவர்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் உங்கள் தேதி உங்கள் தேதிதான்.

சரி, அந்தத் தேதியை எப்படிக் கணக்குப் போடுவது? அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி, தமிழ்த்துறை, 2019 ஜூலையில் ஒரு மேடம் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். பிஎச்.டி. முடித்துவிட்டுச் சேர்ந்திருந்தால் 4 வருடம், அதாவது 2023 ஜூலையில் லெவல் 11-க்குத் தகுதி. எம்.ஃபில். மட்டும் இருந்தால் 5 வருடம். இரண்டும் இல்லாமல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறி வந்திருந்தால் 6 வருடம்.

வருடம் முடிந்தது மட்டும் போதாது. கற்பிக்கும் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் வகுப்பு ஒன்று முடித்திருக்க வேண்டும். அதோடு பாட அறிவைப் புதுப்பிக்கும் ஒரு ரிஃப்ரெஷர் வகுப்பு, இல்லை ஒரு வாரத்துக்குக் குறையாத பயிற்சி இரண்டு, இல்லை சான்றிதழோடு ஒரு மூக் (இணையவழி) படிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் மூக் படித்துத் தேர்வெழுதுவது இருப்பதிலேயே செலவு குறைந்த வழி, ராத்திரி வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். ஓரியண்டேஷனை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கடைசி வருடத்தில் விண்ணப்பித்தால் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் அந்த மூன்று வாரம் உங்களை விடுவிக்க முதல்வர் யோசிப்பார், பிள்ளைகளுக்கு அப்போதுதான் மாடல் எக்ஸாம் நடக்கும். ஓரியண்டேஷன் முடிக்காமல் 2023 ஜூலையைத் தாண்டி, 2024 மார்ச்சில் முடித்தால், அந்த மேடத்தின் உயர்வும் 2024 மார்ச்சிலிருந்துதான். எட்டு மாதம் போச்சு. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படியும் அதே எட்டு மாதம் பிந்தித்தான் வரும்.

அப்புறம் வருடாந்திர மதிப்பீடு. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு 'நன்று', 'திருப்தி', 'திருப்தியில்லை' என்று மூன்றில் ஒரு தரம் விழும். அது இரண்டு கேள்விகளை வைத்து முடிவாகிறது. உங்களுக்குக் கொடுத்த வகுப்புகளில் எத்தனை எடுத்தீர்கள்? வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள்?

முதல் கேள்விக்கு வெறும் சதவீதம். 80-ம் அதற்கு மேலும் எடுத்திருந்தால் நன்று, 70-லிருந்து 80-க்குள் திருப்தி, 70-க்குக் கீழே திருப்தியில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு, வருடத்துக்கு 30 வாரம், ஆக 480 மணி நேரம். அதில் 384 எடுத்தால் 80 சதவீதம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தேர்தல் பணி, விடைத்தாள் திருத்தப் போனது, வேறு கல்லூரிக்கு வெளித்தேர்வாளராகப் போனது என்று போன வகுப்புகளைச் சனிக்கிழமை ஈடு செய்திருப்பீர்கள், அதைப் பதிவேட்டில் எழுதியிருக்க மாட்டீர்கள். நாலு வருடம் கழித்துக் குழுவில் உட்காரும் வெளி நிபுணர் பார்ப்பது பதிவேட்டைத்தான். எடுத்த வகுப்பை அன்றைக்கே எழுதுங்கள், மாதாமாதம் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஏழு வகை வேலைகளை யுஜிசி சொல்லியிருக்கிறது. துறைத்தலைவர், வார்டன், ஒருங்கிணைப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்பு ஒரு வகை. தேர்வு வேலை ஒன்று. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., கலைநிகழ்ச்சி, விளையாட்டு, வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்று மாணவர்களோடு செய்கிற எல்லாம் சேர்ந்து ஒன்று. கருத்தரங்கு நடத்துவது, பிஎச்.டி. மாணவருக்கு வழிகாட்டுவது, ஆய்வுத் திட்டம் செய்வது, அந்த வருடம் ஒரு கட்டுரையாவது வெளியிடுவது என்று மீதி நான்கு. மூன்று வகையில் கை வைத்திருந்தால் நன்று, ஒன்றோ இரண்டோ என்றால் திருப்தி, ஒன்றுமே இல்லை என்றால் திருப்தியில்லை. தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம் போட்டு, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத் தரையில் படுத்து, படித்துறையைச் சுத்தம் செய்துவிட்டு வந்திருப்பீர்கள். அது ஒரு வகை, கணக்கில் சேரும். ஆனால் திட்ட அலுவலராக உங்களை நியமித்த உத்தரவு, முகாம் நடந்த தேதி, முதல்வர் கையெழுத்திட்ட அறிக்கை இவை மூன்றும் கோப்பில் இருந்தால்தான் சேரும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட படத்தை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வகுப்பில் நன்று, வெளிவேலையில் குறைந்தது திருப்தி இருந்தால் அந்த வருடத்தின் மொத்தத் தரம் நன்று. வகுப்பில் திருப்தியானால் மொத்தமும் திருப்தி. இரண்டில் ஒன்று கவிழ்ந்தாலும் அந்த வருடம் போயிற்று. நாலு வருடத்தில் மூன்று வருடமாவது நன்று அல்லது திருப்தி வாங்கியிருந்தால் லெவல் 11-க்குப் போகலாம். ஐந்து வருடக் கணக்கானால் நான்கு, ஆறு வருடக் கணக்கானால் ஐந்து. பரவாயில்லை, ஒரு வருடம் சறுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பெண் ஆசிரியர்கள் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். மகப்பேறு விடுப்பு எடுத்தேன், அந்த வருடம் 80 சதவீதம் வராதே என்கிறார்கள். மகப்பேறு விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு எல்லாவற்றையும் மதிப்பீட்டிலிருந்து கழித்துவிட்டு, மிச்ச நாளில் நீங்கள் செய்ததை முழுக் காலத்துக்கும் விரித்துப் பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. விடுப்பில் இருந்ததால் பதவி உயர்வில் எந்தப் பாதகமும் வரக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. யாராவது அலுவலகத்தில் இதைத் தெரியாமல் மறுத்தால், 2018 விதியின் இரண்டாம் பிற்சேர்க்கை, முதல் அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்பை அச்செடுத்து மேஜையில் வையுங்கள்.

லெவல் 11-ல் ஐந்து வருடம் முடிந்தால் 12. இதற்குப் பயிற்சி வகுப்பு இரண்டு தேவை. கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியத் தொடங்குவதும் இங்கேதான். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்தில் துறையில் வேலை பார்க்கிறவர் லெவல் 12-க்குப் போகப் பிஎச்.டி. கட்டாயம், அந்த ஐந்து வருடத்தில் மூன்று கட்டுரைகளும் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரி ஆசிரியருக்கு இந்தப் படியில் அந்த நிர்ப்பந்தம் இல்லை.

12-ல் மூன்று வருடம் இருந்துவிட்டால் 13ஏ, அதாவது இணைப் பேராசிரியர். இங்கே கல்லூரியானாலும் பிஎச்.டி. இல்லாமல் நகர முடியாது. பிஎச்.டி.யோடு சேர்ந்தவருக்கு 4, 5, 3 ஆக மொத்தம் 12 வருடம். ரூபாய்க் கணக்கில் பார்த்தால் இந்தப் படியில்தான் விஷயம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் தொடங்கும் இடம் லெவல் 10-ல் 57,700, 11-ல் 68,900, 12-ல் 79,800, 13ஏ-யில் 1,31,400. தடங்கலில்லாமல் ஏறி வந்தவருக்கு 12-ன் மூன்றாம் வருட முடிவில் அடிப்படைச் சம்பளம் 92,000 சொச்சம் இருக்கும், அடுத்த நாள் 1,31,400. லெவல் 10-லிருந்து 11-க்குப் போகும்போது கிடைப்பது மாதம் நாலாயிரம் மாதிரிதான், அதற்காகவா இத்தனை ஃபைல் என்று அலுத்துக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள், பன்னிரண்டாம் வருடத்தின் இந்தத் தாவலைத் தள்ளிப் போடுகிறோம் என்பதை யோசிப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் 13ஏ-க்கு இன்னும் கூடுதல் கேட்பார்கள். மொத்தம் ஏழு கட்டுரை, அதில் மூன்று கடைசி மூன்று வருடத்தில் வந்தவையாக இருக்க வேண்டும், ஒரு பிஎச்.டி. மாணவருக்காவது வழிகாட்டியதற்குச் சான்று வேண்டும், ஆய்வு மதிப்பெண் 70 வேண்டும்.

ஆய்வு மதிப்பெண் என்று சொன்னால் பயந்துபோகிறார்கள், போட்டுப் பார்த்தால் கூட்டல் கழித்தல்தான். பேராசிரியராக, அதாவது 13ஏ-யிலிருந்து 14-க்குப் போக, கல்லூரி பல்கலைக்கழகம் இரண்டுக்குமே 110 மதிப்பெண்ணும் பத்துக் கட்டுரைகளும் தேவை, அவற்றில் மூன்று கடைசி மூன்று வருடத்தில் வந்திருக்க வேண்டும். மொழி, கலை, சமூக அறிவியல், வணிகவியல் துறைகளுக்குக் கட்டுரைக்கு 10, அறிவியல் துறைகளுக்கு 8, இம்பாக்ட் ஃபேக்டர் (மேற்கோள் அளவீடு) உள்ள ஜர்னலாக இருந்தால் அதற்குத் தகுந்தாற்போல் கூடுதல். தேசிய அளவிலான பதிப்பகத்தில் நூல் 10, சர்வதேசப் பதிப்பகம் 12, தொகுப்பில் ஓர் அத்தியாயம் 5, மொழிபெயர்த்த நூலுக்கு 8. உங்களிடம் படித்தவர் பிஎச்.டி. பட்டம் வாங்கினால் 10, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நிலையில் இருந்தால் 5.

நம் தமிழ்த்துறை மேடம் தனியாகப் பத்துக் கட்டுரை எழுதினால் 100, ஒரு நூல் போட்டால் 10, மொத்தம் 110, முடிந்தது என்று நினைப்பார். முடியவில்லை. மதிப்பெண் குறைந்தது மூன்று வகையிலிருந்து வந்திருக்க வேண்டும். கட்டுரை ஒரு வகை, நூல் ஒரு வகை, மூன்றாவதாக ஒரு பிஎச்.டி. மாணவரோ ஓர் ஆய்வுத் திட்டமோ அழைப்புச் சொற்பொழிவோ வேண்டும். இன்னொன்று, கூட்டாக எழுதினால் முழு மதிப்பெண் கிடையாது. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் போனால் முதல் பெயருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (ஜர்னலோடு கடிதம் நடத்துபவர்) 70, மற்றவர்களுக்கு 30. வேதியியல் துறையில் ஆறு பேர் பெயரோடு வரும் கட்டுரையில் நான்காவது பெயராக இருப்பவருக்கு 8-ல் கிடைப்பது 2.4. கட்டுரைக்கு அடியில் நண்பர்கள் பெயரைத் தாராளமாகச் சேர்க்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு, நல்ல மனதுதான், ஆனால் இரண்டு பக்கமும் மதிப்பெண் தேயும்.

கட்டுரை எங்கே வந்தது என்பது அடுத்த தலைவலி. யுஜிசி-கேர் என்று ஒரு ஜர்னல் பட்டியல் இருந்தது, அதில் இல்லாத ஜர்னலைக் குழு தொடாது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே யுஜிசி கைவிட்டுவிட்டது, எது நல்ல ஜர்னல் என்று நிறுவனங்களே முடிவு செய்யட்டும் என்றது. இதைக் கேட்டதும் பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை போடுகிற ஆட்களுக்குக் கொண்டாட்டம்தான். அவர்கள் பக்கம் போகாதீர்கள். நிபுணர் குழுவில் வருகிறவர் உங்கள் துறைக்காரர், எந்த ஜர்னல் எப்படி என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பழைய கட்டுரைகளுக்கு, அது வெளியான தேதியில் ஜர்னல் பட்டியலில் இருந்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

பழைய சர்வீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் பெரும்பாலும் அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவில் சில வருடம் குறைந்த சம்பளத்துக்கு உழைத்துவிட்டுத்தான் உதவி பெறும் பணியிடத்துக்கு வருகிறார்கள். அந்த வருடங்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா? தற்காலிக, ஒப்பந்தப் பணியையும் சேர்க்க விதியில் வழி இருக்கிறது. அப்போதே முழுத் தகுதி இருந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக் குழு மூலம் எடுத்திருக்க வேண்டும், வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் தாண்டிவிடுகிறவர்கள் மூன்றாவதில் விழுந்துவிடுகிறார்கள். சுயநிதிப் பிரிவில் அந்தச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? உழைத்ததற்குக் கூலியும் குறைவு, அந்தக் குறைந்த கூலியையே காரணம் காட்டி உழைத்த வருடத்தையும் எடுத்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இப்போதைக்கு விதி அதுதான், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஃபைல் நகரும் பாதை இது: தகுதித் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. ஆதாரங்களைச் சரிபார்க்கும். லெவல் 11, 12-க்கு முதல்வர், துறைத்தலைவர், துணைவேந்தர் நியமிக்கும் இரண்டு பாட நிபுணர்கள் கொண்ட குழு பரிந்துரைக்கும். உதவி பெறும் கல்லூரி என்றால் நிர்வாகத் தீர்மானத்தோடு ஃபைல் திருநெல்வேலி இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஒப்புதல் வந்து, ஊதியம் நிர்ணயித்து, நிலுவை கைக்கு வருவதற்குள் காலம் ஓடும். இந்த நிலுவைக்காக மூட்டா போன்ற ஆசிரியர் சங்கங்கள் தெருவில் உட்கார்ந்ததெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தாமதம் எவ்வளவு ஆனாலும், நீங்கள் தகுதித் தேதியில் விண்ணப்பித்து முதல் மதிப்பீட்டிலேயே தேறிவிட்டால் உயர்வு பழைய தேதியிலிருந்தே கணக்காகும். முதலில் தேறாமல் பிறகு தேறினால், தேறிய தேதிதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து சான்றிதழ் கட்டோடு நனைந்தவர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

சீனியர் ஸ்கேல் வந்தால் வேலை குறையுமா என்று கேட்பவர்களுக்கு: குறையாது. வகுப்பு அதே 16 மணி நேரம், 13ஏ போனால்தான் 14 மணி நேரம். பாடத்திட்டக் குழு, வினாத்தாள் எடுப்பது, புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் பிரித்துக் கொடுப்பது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது ராத்திரி பகலாக அறிக்கை தயாரிப்பது என்று மேலே வந்து விழத்தான் செய்யும். பிஎச்.டி. மாணவர்களை எடுத்துக்கொள்வதிலும் உச்சவரம்பு உண்டு: உதவிப் பேராசிரியருக்கு நான்கு பேர், இணைக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு.

2025 ஜனவரியில் யுஜிசி ஒரு புதிய வரைவை வெளியிட்டது. துணைவேந்தர் நியமனத்தை வைத்து அது இங்கே பெரிய சர்ச்சையாகி, தமிழ்நாட்டுச் சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்தச் சத்தத்தில் கவனிக்காமல் விட்டது, பதவி உயர்வில் மதிப்பெண் கணக்கை எடுத்துவிட்டு ஒன்பது வகைப் பங்களிப்புகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்று அந்த வரைவு சொன்னதை. இந்திய மொழிகளில் கற்பிப்பது, மூக் பாடம் தயாரிப்பது, மாணவர் பயிற்சித் திட்டங்களை வழிநடத்துவது, சமூகப் பணி எல்லாம் அந்த ஒன்பதில் வரும். எந்த விதி வந்தாலும் நியமன உத்தரவும் தேதியும் கையெழுத்தும் கேட்கத்தான் போகிறார்கள்.

ஓய்வுக்கு ஓரிரு வருடம் இருக்கிறவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கு மட்டும் ஒன்று. தேர்வுக் குழு உங்கள் விண்ணப்பத்தை எடுக்கும் நாளில் நீங்கள் பணியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. மே மாதம் ஓய்வு என்றால் ஏப்ரலில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், முந்தைய வருடமே கொடுத்து, குழு கூடும் தேதியை முதல்வரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.